டிஸ்சார்ஜ் என்றால் என்ன?



இந்த முறை ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லை எடுத்துப் பார்ப்போம். டிஸ்சார்ஜ். ஆஸ்பத்திரியில் படுத்து எழும்பியவர்கள் எல்லாருக்கும் இது தெரிந்த சொல்தான். மலைநாட்டில் "டிக்கட் வெட்டியாச்சு" என்கிறோம். நான் பிறந்த யாழ்ப்பாணத்தில் "துண்டு வெட்டியாச்சு" என்பார்கள். இரண்டுக்கும் அர்த்தம், சுகமாகி வீட்டுக்குப் போகலாம் என்பது. ஆனால் இதே சொல் வேலைக் கடிதத்திலும் வரும், கோட்டிலும் வரும், கிளினிக்கிலும் வரும், கையெழுத்து வைக்கச் சொல்லி நீட்டும் கடுதாசியிலும் வரும். அங்கெல்லாம் வீட்டுக்குப் போகிற அர்த்தத்தை வைத்துக்கொண்டு வாசித்தால் காரியம் கெட்டுப்போகும்.

சொல்லின் வேரைப் பார்த்தால் விளங்குவது சுலபம். சார்ஜ் என்பது முதலில் வண்டியில் பாரம் ஏற்றுவது. டிஸ்சார்ஜ் என்பது ஏற்றிய பாரத்தை இறக்குவது. கொழுந்து மூட்டையை லொறியில் ஏற்றினால் சார்ஜ், பெக்டரி வாசலில் இறக்கினால் டிஸ்சார்ஜ். கப்பலில் இருந்து சரக்கு இறக்குவதற்கும் துறைமுகத்தில் இந்தச் சொல்லைத்தான் எழுதுகிறார்கள். மற்ற அர்த்தங்கள் எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை. கடன் ஒரு பாரம், தீர்த்தால் டிஸ்சார்ஜ். கடமை ஒரு பாரம், செய்து முடித்தால் டிஸ்சார்ஜ். துவக்குக்குள் இருக்கும் தோட்டா வெடித்து வெளியேறினாலும் அதுதான். பெட்டரி இறங்கிப்போனாலும் அதுதான்.

தமிழில் இதற்கு ஒரே சொல் கிடையாது. இறக்கு, விடு, தீர், கழி என்று இடத்துக்கு இடம் மாறும். இப்படி ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் சொல் பொருத்துகிற வேலை யாழ்ப்பாணத்தில்தான் பெரிய அளவில் நடந்தது. அங்கே ஜோசப் நைட் பாதிரியார் தொடங்கிய சொல் சேகரிப்பு பலர் கைமாறி, கடைசியில் 1862இல் சென்னையில் வின்சுலோ பாதிரியாரின் தமிழ் ஆங்கில அகராதியாக வெளிவந்தது. 67,000க்கு மேற்பட்ட சொற்கள் அதில் இருக்கின்றன. அதற்கு முன்பே, 1842இல், மானிப்பாய் அகராதி வந்துவிட்டது. அதே மானிப்பாயில்தான் அமெரிக்க டொக்டர் கிறீன், வைத்தியப் படிப்பையே தமிழில் சொல்லிக்கொடுத்தார். 1847இல் வந்தவர். நோயாளிக்கு விளங்காத பாஷையில் வைத்தியம் பேசி என்ன பயன் என்று அந்தக் காலத்திலேயே யோசித்த மனுஷன்.

அவரை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கிளினிக்கில் பெண்பிள்ளைகளிடம் "டிஸ்சார்ஜ் இருக்கா?" என்று கேட்டால், ஆஸ்பத்திரியை விட்டு எப்போது வந்தீர்கள் என்று கேட்பதாக நினைக்க வேண்டாம். வெள்ளை படுகிறதா என்று கேட்கிறார்கள். காதில், புண்ணில் இருந்து சீழோ நீரோ வடிந்தாலும் அதே சொல். வெட்கப்பட்டு "இல்லை" என்று தலையாட்டிவிட்டு வந்தால் வருத்தம் உள்ளுக்குள்ளேயே இருந்துவிடும். நாற்றமோ, அரிப்போ, நிறமாற்றமோ இருந்தால் மருத்துவிச்சியிடம் சொல்லிவிடுங்கள்.

கோட்டு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிஸ்சார்ஜ் பண்ணினார்கள் என்றால் இப்போதைக்குப் போகவிட்டார்கள் என்று பொருள். அதே வழக்கை மறுபடி கொண்டுவர இடம் இருக்கலாம். குற்றவாளி இல்லை என்று தீர்த்து விடுதலை செய்வதற்கு வேறு சொல் இருக்கிறது, அக்குயிட். எது எழுதியிருக்கிறது என்று சட்டத்தரணியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். தோட்டத்துக்கும் இந்தச் சொல்லுக்கும் உள்ள உறவு பழையது. நம்ம பாட்டன் பூட்டன் காலத்தில் துண்டு முறை என்று ஒன்று இருந்தது. ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டும் என்றால், இன்ன தொகைக் கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுவிப்பேன் என்று துரை ஒரு துண்டில் எழுதிக் கொடுப்பார். புதுத் தோட்டம் பணத்தைக் கட்டும், கடன் ஆளோடு சேர்ந்து அங்கே போகும். கங்காணி மாறுவார், லயம் மாறும், கடன் மாறாது. கடனும் டிஸ்சார்ஜ், ஆளும் டிஸ்சார்ஜ், ஆனால் பாரம் மட்டும் முதுகை விட்டு இறங்கவில்லை! 1921ஆம் ஆண்டுச் சட்டம்தான் இந்தத் துண்டைத் தடை செய்தது.

இன்றைக்கு வேலைக் கடிதத்தில் டிஸ்சார்ஜ்ட் ஃப்ரம் சேர்விஸ் என்று வந்தால் வேலையில் இருந்து விட்டுவிட்டார்கள் என்று பொருள். டிஸ்மிஸ் என்றால் குற்றம் சாட்டி நீக்கியது. ரிசைன் என்றால் நீங்களாக விலகியது. மூன்றும் ஒன்றல்ல. நீங்கள் விலகாமலே விலகியதாக எழுதிக் கொடுக்காதீர்கள். ஆனால் எந்தச் சொல் எழுதியிருந்தாலும் சேவைக்காலப் பணத்துக்கு உரிமை போய்விடாது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேரோ கூடவோ வேலை செய்யும் இடத்தில் 5 வருஷம் முடித்தவருக்கு, நாட்சம்பளக்காரர் என்றால் வருஷத்துக்கு 14 நாள் சம்பளம் சேர வேண்டும். 20 வருஷம் கொழுந்து பறித்தவருக்கு 280 நாள் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளக் கணக்கில். 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். களவு, மோசடி, வேண்டுமென்றே செய்த சேதம் என்று நீக்கினால் மட்டும் அந்த நஷ்டத்தின் அளவுக்குக் கழிக்கலாம்.

ஆகப் பெரிய கண்ணி கடைசிக் கடுதாசியில் இருக்கிறது. இன் ஃபுல் டிஸ்சார்ஜ் ஆஃப் ஆல் கிளைம்ஸ் என்று ஒரு வரி வரும். "எனக்கு வரவேண்டியது எல்லாம் வந்து தீர்ந்தது, இனிக் கேட்க ஒன்றும் இல்லை" என்று நீங்களே சொல்வதாக அதன் பொருள். இங்கே பாரம் இறங்குவது உங்களுக்கு அல்ல, பணம் தருகிறவருக்கு. பெருவிரலை மையில் வைக்கும் முன் படித்த பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். தொகை சரியில்லை என்றால் தொழில் திணைக்களக் காரியாலயத்துக்கோ சங்கத்துக்கோ கொண்டுபோங்கள். பணத்தைத் தரும்போது அவசரப்படுத்துவார்கள். அவசரம் அவர்களுக்குத்தான்.

சரி, கன்னடத்துக்கு வருவோம். அது எதற்கு என்று சிலர் கேட்கலாம். 1964 ஒக்டோபரில் செய்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா எடுக்க வேண்டும் என்றானது. அப்படிப் போனவர்களில் ஒரு பகுதியினரைக் கர்நாடகத்தில் சுள்யா, புத்தூர் பக்கம் வன அபிவிருத்திக் கழகத்தின் றப்பர் தோட்டங்களில் குடியேற்றினார்கள். நம்மில் சிலருக்கு அங்கே சித்தப்பா, அத்தை முறை உறவு இருக்கிறது. அவர்கள் பிள்ளைகள் கன்னடத்தில் படித்தவர்கள்.

அவர்கள் டிஸ்சார்ஜுக்கு "பிடுகடெ" என்கிறார்கள். முதல் எழுத்தை "பஸ்" என்பதில் வருகிற மாதிரிச் சொல்லிப் பாருங்கள். நம்ம "விடு" அங்கே "பிடு". வாய் என்பது பாயி, வேர் என்பது பேரு. நமக்கு வ வருகிற இடத்தில் அவர்களுக்கு அந்த ப வருகிறது. ஆஸ்பத்திரியில் இருந்து வந்தாலும் ஜெயிலில் இருந்து வந்தாலும் பிடுகடெதான். கடன் தீர்ப்பது "சால தீரிசு", சால என்றால் கடன், தீரிசு நம்ம தீர்தான். வேலையில் இருந்து நீக்கினால் மட்டும் "வஜா" என்பார்கள், அது கேட்டவுடன் நமக்குப் பிடிபடாது. சீழுக்குக் "கீவு". செவி அங்கே கிவி ஆவது போல, சீ என்பது கீவு. மங்களூரில் கிட்டல் என்ற ஜெர்மன் பாதிரியார் 1894இல் வெளியிட்ட கன்னட அகராதியைப் புரட்டினால் இப்படி நமக்குத் தெரிந்த முகங்கள் நிறைய அகப்படும்.

ஆகவே சுள்யாவில் இருந்து போன் வந்து, "தம்பி வஜா ஆயிட்டான்" என்றால் ஆஸ்பத்திரிச் செய்தி என்று நினைத்துச் சந்தோஷப்படாதீர்கள். "பிடுகடெ ஆயிட்டான்" என்றால், எங்கே இருந்து என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.