சிற்றில் கட்டிய ஊரில்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பிள்ளைகள் வீடு கட்டி விளையாடுவது பாசுரத்தில் ஏறிய விஷயம். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பத்து முழுக்க ஒரே வழக்குதான்: முதுகு நோக உட்கார்ந்து இழைத்த சிற்றிலை, அதாவது மணல் வீட்டை, கண்ணன் வந்து கலைக்கக் கூடாது. சிறுமிகளிடம் இருந்த சாமான்கள் குட்டிப் பானை, சிறு முறம், மணல். பிள்ளைத்தமிழிலும் சிற்றில் ஒரு பருவம், அதுவும் ஆண்பாலுக்கு. கட்டுவது பெண் பிள்ளை, சிதைப்பது ஆண் பிள்ளை என்று புலவர்கள் அன்றே தீர்ப்பு எழுதிவிட்டார்கள்!

இன்று தெருவில் மணல் என்றால் யாரோ வீடு கட்டக் கொட்டிய எம்-சாண்ட். அதில் கை வைத்தால் வீட்டுக்காரர் விரட்டுவார்.

முன்பெல்லாம் ஆடிப்பூரத் தேர்க்கடைகளில் பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கியது சொப்புச் சாமான். அம்பாசமுத்திரத்தில் மரத்தைக் கடைந்து, அரக்குச் சாயம் ஏற்றிய அடுப்பு, குடம், உரல். அவற்றை வைத்துச் சமைக்கலாம், கட்ட முடியாது. கட்டை அடுக்குவதைப் பாடமாக்கியவர் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியின் பிரோபெல். 1939இல் மரியா மாண்டிசோரி சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். அவருடைய முறையிலும் மரக்கட்டைக் கோபுரம் உண்டு. ஆனால் மரக்கட்டைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதில்லை. இரண்டு வயதுக் கை இடித்தால் கோபுரம் சரியும்.

இதற்கு வழி கண்டது டென்மார்க்கின் பில்லுண்டில் ஒரு தச்சர் குடும்பம். 1932இல் மரச் சாமான்களோடு தொடங்கிய லெகோ, 1958 ஜனவரி 28 அன்று மேலே குமிழ், உள்ளே குழாய் என்ற அமைப்புக்குக் காப்புரிமை கோரியது. அழுத்தினால் பிடிக்கும், இழுத்தால் விடும். சின்னக் கட்டை என்பதால் வாய்க்குள்ளும் போகும். அதனால் சிறு பிள்ளைகளுக்காக லெகோ 1969இல் கொண்டுவந்த டூப்ளோ கட்டை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் அதைப் போல இருமடங்கு. ஒரு டூப்ளோ கட்டையின் இடத்தில் எட்டு சின்னக் கட்டைகள் அடங்கும். அதன் மேல் சின்னக் கட்டையும் பொருந்தும் என்பதுதான் கெட்டிக்காரத்தனம். அக்காவும் தம்பியும் சண்டையில்லாமல் ஒரே வீட்டைக் கட்டலாம். பொம்மைகளில் இதைவிட நல்ல யோசனையை நான் பார்த்ததில்லை.

இராஜபாளையம் கடைவீதியில் பையில் தொங்கும் பெரிய பிளாஸ்டிக் கட்டைகள் டூப்ளோவுக்குத் தூரத்துச் சொந்தம். அசலின் விலை பல வீடுகளுக்கு எட்டாது. அதில் எனக்கு வருத்தமில்லை. பழைய காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது, யார் செய்தாலும் குழந்தைக்குக் கட்டைதான். பயம் வேறு. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் பொம்மையில் எந்தத் துண்டும் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனைக் குழலுக்குள் முழுதாக அடங்கக் கூடாது என்பது விதி. தொண்டையில் சிக்காமல் இருக்கத்தான் இந்தக் கணக்கு. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். பதிவுபெற்ற கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கு விலக்கு உண்டு.

ஆடிப்பூரத்துக்குத் தேர் பார்க்கப் போகிறவர்கள், கட்டை வாங்குமுன் பையைத் திருப்பி முத்திரையைத் தேடுங்கள். இல்லையென்றால் பேரம் பேச வேண்டாம். பக்கத்துக் கடையில் மர நடைவண்டி இருந்தால் அதை வாங்கிக் கொடுங்கள்.