சாம்பலில் துளிர்த்த கற்பூர மரங்கள்

வென்றவர் நினைவாகக் கல்தூண் நாட்டுவது உலக வழக்கம். மாண்டவர் நினைவாக மரங்களே நின்று சான்று பகரும் நகரம் ஒன்று உண்டு. ஜப்பான் நாட்டின் நாகசாகியே அது.

1945-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் முற்பகல் 11 மணி 2 நிமிடத்திற்கு, அந்நகரின் உரகாமிப் பகுதியின் மேல் அணுகுண்டு வெடித்தது. தலைமுறை தலைமுறையாக மறைவிலே விசுவாசத்தைக் காத்துவந்த கத்தோலிக்கக் குடும்பங்களின் ஊர் உரகாமி. விண்ணேற்புத் திருநாளுக்கு ஆயத்தமாகப் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்திருந்தோரும், அதனைக் கேட்டுக்கொண்டிருந்த குருக்களும் ஆலயத்தினுள்ளேயே மாண்டனர். பங்கு மக்கள் சுமார் 12,000 பேருள் ஏறத்தாழ 8,500 பேர் உயிரிழந்தனர்.

வெடித்த இடத்திற்குச் சுமார் 800 மீட்டர் தொலைவில் சான்னோ என்னும் ஷிண்டோ கோயில் இருந்தது. அதுவும் அழிந்தது. அதன் கல்வாயில்களுள் ஒன்று பாதி பெயர்ந்து, இன்றும் ஒற்றைக் காலில் நிற்கிறது. அணுகுண்டு சமயம் பார்த்து எரிக்கவில்லை.

அக்கோயில் முகப்பில் 500 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இரு கற்பூர மரங்கள் இருந்தன. கிளைகள் முறிந்து, பட்டை கருகி, இலையொன்றுமின்றி அவை மொட்டையாய் நின்றன. இனி இம்மண்ணில் புல்லும் முளையாது என்று பலர் அஞ்சிய வேளையில், கருகிய அடிமரத்தினின்று பசுந்தளிர் எட்டிப் பார்த்தது. துயருற்ற மக்களுக்கு அத்தளிர் எத்தகைய ஆறுதலாய் இருந்திருக்கும்!

துளிர்த்தது இயற்கை, காத்தது மனிதர் கை. 1969-ஆம் ஆண்டு நாகசாகி நகரம் அம்மரங்களை இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்தது. மர மருத்துவர்கள் அவற்றின் புண்களுக்குச் சிகிச்சை செய்தனர். குண்டின் வேகத்தில் பறந்து வந்த கற்கள் ஒரு மரத்தின் பொந்தினுள் காணப்பட்டன. தன் காயத்தை மறைக்காமலே அது தழைத்திருக்கிறது. 1996-ஆம் ஆண்டு ஜப்பானிய அரசு, காக்கத்தக்க நூறு ஒலிகளுள் ஒன்றாக இம்மரங்களின் இலையோசையைச் சேர்த்தது. இவற்றின் விதையில் முளைத்த கன்றுகள் வேறு ஊர்களிலும் வளர்கின்றன.

ஆலயமும் 1959-ஆம் ஆண்டு மீண்டும் எழுந்தது. அதன் மணியோசையும் மரங்களின் இலையோசையும் இன்று ஒரே ஊரில் ஒலிக்கின்றன.

பிறர்மேல் பகையை வளர்க்கும் நினைவும் உண்டு. நிழல் தரும் நினைவும் உண்டு. நம் பிள்ளைகளுக்கு எதனை விட்டுச் செல்லப்போகிறோம்? கருகியும் துளிர்த்த அம்மரங்கள் நம்மை நோக்கி எழுப்பும் கேள்வி இதுவே.