காளானும் கலைக்களஞ்சியமும்

ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் மழை பெய்து ஓய்ந்தபின், சென்னைக்கு மேற்கே ஆவடியை அடுத்துள்ள பட்டாபிராம் போன்ற ஊர்களில், புல்தரைகளிலும் மட்கிய குப்பைமேடுகளிலும் காளான்கள் குடைவிரித்து நிற்பதைக் காணலாம். அவற்றைக் காண்போர் பலர்; ஆராய்ந்து அறிவோர் சிலர்; அறிந்ததைப் பிறர்க்குப் பயன்படுமாறு தமிழில் எழுதிவைப்போர் மிகச் சிலரே. காளானியல் பயிலும் மாணவர் ஒருவர் அப்பணியை மேற்கொள்ள விரும்பினால், எவற்றைக் கடைப்பிடித்தல் வேண்டும் என்பதை இங்குக் காண்போம்.

அறிவுத்துறைகளைத் தமிழில் தொகுத்துரைக்கும் முயற்சி புதிதன்று. தமிழ் வளர்ச்சிக் கழகம் 1947ஆம் ஆண்டு கலைக்களஞ்சியப் பணியைத் தொடங்கியது. ம. ப. பெரியசாமித் தூரன் அதன் முதன்மைப் பதிப்பாசிரியராக விளங்கினார். முதல் தொகுதி 1954இலும், பத்தாம் தொகுதி 1968இலும் வெளிவந்தன. அதற்குக் கட்டுரை வழங்கியோர் துறைதோறும் வல்ல அறிஞர். 2003ஆம் ஆண்டு தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவிலோ எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம். வாயில் அனைவர்க்கும் திறந்திருத்தலால், எழுதுவோர் பொறுப்பு மிகுந்ததே அன்றிக் குறைந்ததில்லை.

காளான் என நாம் கண்ணாற் காண்பது பூஞ்சையின் ஓர் உறுப்பே ஆகும். பூஞ்சையின் உடல் நுண்ணிய இழைகளாக மண்ணுள்ளும் மட்கும் பொருள்களுள்ளும் பரந்து கிடக்கும். தக்க ஈரம் வாய்க்கும்போது, வித்துகளைப் பரப்புதற்பொருட்டு அது குடையை வெளியே தோற்றுவிக்கும். அவ்வித்துகளின் நிறம் காளானை இனங்காண்பதற்குச் சிறந்த துணையாகும். குடையைக் காம்பினின்று நீக்கி, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளின்மீது இயல்பான நிலையில் வைத்து, மேலே ஒரு கிண்ணத்தால் மூடி ஓரிரவு விட்டுவைத்தால், வித்துத்தூள் தாளில் படிந்திருக்கும்.

இச்சிறு சோதனையின் அருமையை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். நம் மக்கள் விரும்பி உண்ணும் புற்றுக்காளானின் வித்துத்தூள் வெளிர் இளஞ்சிவப்பாக இருக்கும். வெப்பநாடுகளின் புல்தரைகளில் முளைக்கும் குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ் என்னும் காளானும் வெண்ணிறக் குடை உடையது. குடையின் அடியிலுள்ள தகடுகளாகிய செவுள்களும் இளமையில் வெண்மையாகவே இருக்கும். ஆனால், அதன் வித்துத்தூள் பசுமையானது. அதனை உண்டோர் சில மணி நேரத்திற்குள் கடும் வாந்திக்கும் வயிற்றுப்போக்கிற்கும் ஆளாவர். அமானிட்டா என்னும் பேரினத்துள் சில இதனினும் கொடியன. அவற்றின் நஞ்சு சமைப்பதால் அழியாது. பெரும்பாலும் உண்டு 6 முதல் 24 மணி நேரம் கழிந்த பின்னரே துன்பம் வெளிப்படும். அதற்குள் நஞ்சு ஈரலைத் தாக்கத் தொடங்கியிருக்கும். வெள்ளிக்காசு கறுக்காவிடில் காளான் நல்லது என்பதும், பூச்சி அரித்த காளான் தீங்கற்றது என்பதும் ஆதாரமற்ற கூற்றுகள். வித்தின் நிறம் ஒன்றையே நம்பி உண்ணுதலும் தகாது. இந்நிலையில், “வெண்ணிறக் காளான் உண்ணத்தக்கது” என ஒருவர் ஆராயாது ஒரு வரி எழுதிவிட்டால், அதனை நம்பிய குடும்பத்தின் கதி யாதாகும்?

ஆதலின், மாணவர் தாம் கண்டதையும் நூல்கள் நிறுவியதையும் வேறு பிரித்தறிதல் வேண்டும். காளானைக் கண்ட இடம், நாள், அருகிலிருந்த மரம், குடையின் அளவு, மணம், வித்துத்தூளின் நிறம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் பதிதல் நன்று. ஆயினும், இதுவரை எங்கும் வெளியிடப்படாத தம் முடிபைக் கலைக்களஞ்சியத்தில் எழுதுதல் கூடாது. புதிய கண்டுபிடிப்பிற்கு உரிய இடம் ஆய்விதழாகும். அங்கு வல்லுநர் மதிப்பிட்டு ஏற்ற பின்னரே அது களஞ்சியத்தில் இடம்பெறத்தக்கது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சி. வி. சுப்பிரமணியன் 1971இல் வெளியிட்ட ‘ஹைப்போமைசீட்டிஸ்’ போன்ற நூல்களே சான்றாகக் கொள்ளத்தக்கன. மாணவர் தாமே எடுத்த நிழற்படத்தை இடமும் நாளும் குறித்து வழங்கலாம். பேரினம் மட்டும் தெளிவாயின், சிற்றினப் பெயரை ஊகித்து எழுதாது, பேரினத்தோடு நிறுத்துதலே நேர்மையாகும்.

பெயர்களிலும் விழிப்பு வேண்டும். புற்றுக்காளான் என்னும் ஒரு பெயர், கறையான் புற்றோடு சேர்ந்து வளரும் பல சிற்றினங்களைக் குறிக்கும். பூஞ்சை, பூசணம் என ஒன்றற்கே பல பெயர்களும் உண்டு. ஆகவே, அறிவியற் பெயரை முதலில் தந்து, வழங்கும் தமிழ்ப் பெயர்களையும் சுட்டி, கட்டுரை முழுவதும் ஒரே சொல்லை ஆளுதல் வேண்டும்.

எழுதியதைப் பிறர் திருத்தின் வருந்தற்க. அவர் காட்டும் சான்றை நோக்குக. அது வலியதாயின் மகிழ்ந்து ஏற்றுக்கொள்க. மாணவர்களே! நீங்கள் எழுதும் ஒரு வரியை முன்பின் அறியாத ஒருவர் நம்பி நடப்பார் என்பதை மறவாதீர்கள். ஐயமறத் தெரிந்தது சிறிதே ஆயினும், அதனைத் தெளிவாக எழுதுவதே தமிழுக்கும் மக்களுக்கும் செய்யும் நற்றொண்டு ஆகும்.