கச்சானும் எள்ளும் கைகொடுக்கும்

2022ஆம் ஆண்டு. பொருளாதார நெருக்கடி எமது அடுப்படிவரை வந்திருந்த காலம். அவ்வாண்டு செப்ரெம்பரில் உணவுப் பொருட்களின் விலை, முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. முல்லைத்தீவு மாவட்டத்தில் நான் களப்பணிக்குச் செல்லும் கிராமமொன்றில், போரில் கணவனை இழந்து தமையனின் பிள்ளைகள் இருவரையும் வளர்க்கும் சகோதரி ஒருவர் இருக்கிறார். மூத்த பெண் பிள்ளை பாடசாலைக் காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்துவிட்டாள். வெறும் பிளேன்ரீயோடு போன பிள்ளை. "இருந்த பிஸ்கட்டைத் தம்பிக்குக் குடுத்திட்டன் மிஸ்" என்று அவர் அழுதார்.

அடுத்த கிழமை மாதர் சங்கக் கூட்டத்துக்கு ஒரு செய்முறையோடு சென்றேன். மேலைநாடுகளில் ஓட்ஸ், தேன், கொட்டைகள் சேர்த்துச் செய்யும் 'கிரனோலா' என்ற சத்துத் துண்டு அது. நான் வாசித்து முடித்ததும், "தேனுக்கும் ஓட்ஸுக்கும் எங்கை மிஸ் போறது? ஒவன் ஆரிட்டைக் கிடக்கு?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனாலும் வெட்கமாகத்தான் இருந்தது. சமூகவியல் படித்த நான் அவர்களிடம் என்ன இருக்கிறது என்று முதலில் கேட்கவில்லையே!

மூலையில் இருந்த ஆச்சி சொன்னார்: "பிள்ளை, கச்சானும் எள்ளும் எங்கடை காணியிலை விளையுது. நாங்கள் சின்னனிலை அதைத்தானே பாகிலை போட்டுத் திண்டனாங்கள்."

அன்றே செய்து பார்த்தோம். முதல் தடவை பாகு பதம் வராமல் கையில் ஒட்டியது. இரண்டாம் தடவை சரியாக வந்தது. முறை இதுதான்:

தேவையானவை: தோல் நீக்கிய வறுத்த கச்சான் 200 கிராம், எள் 100 கிராம், மெல்லிய அவல் 100 கிராம், பனங்கட்டி அல்லது சர்க்கரை 250 கிராம், சிறிது ஏலக்காய்.

எள்ளையும் அவலையும் இளஞ்சூட்டில் தனித்தனியே வறுங்கள். எள் வெடிக்கத் தொடங்கியதும் இறக்கிவிடுங்கள், கருகினால் கசக்கும். அவல் விரலால் நசுக்கினால் நொறுங்க வேண்டும். பனங்கட்டியைக் கால் கப் தண்ணீரில் கரைத்து, வடித்து, தாச்சியில் காய்ச்சுங்கள். ஒரு துளியைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டால் கல்லுப்போல் இறுகி, தட்டில் போடும்போது சத்தம் கேட்க வேண்டும். உடனே அடுப்பிலிருந்து இறக்கி, எல்லாவற்றையும் கொட்டிக் கிளறி, எண்ணெய் பூசிய தட்டில் பரப்பி, போத்தலால் உருட்டி அமத்துங்கள். சூடு ஆறுமுன் துண்டு போடுங்கள். நன்றாக ஆறிய பின்பே காற்றுப் புகாத ரின்னில் அடையுங்கள்.

100 கிராம் கச்சானில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் இருக்கிறது. எள்ளில் இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் உண்டு. இதைத் தேநீரோடு உண்டால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். கொய்யாவோ தேசிக்காய்த் தண்ணீரோ சேர்த்துக்கொள்வது நல்லது.

சில கவனங்களும் உண்டு. பூஞ்சணம் பிடித்த கச்சானை எறிந்துவிடுங்கள். அதிலுள்ள நஞ்சு ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முற்றாகப் போகாது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு முழுக் கச்சான் தொண்டையில் சிக்கலாம். இடித்த மாவாகக் கொடுங்கள். கச்சான், எள் ஒவ்வாத பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

விற்க விரும்புவோர் முதலில் வீட்டுத் தேவைக்குச் செய்து பழகுங்கள். இதற்காகக் கடன் எடுக்காதீர்கள். விற்பனைக்கு முன்னர் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஆலோசனை பெறுங்கள்.

அன்று அந்தச் சகோதரி துண்டுகளை எண்ணி, பிள்ளைகள் இருவருக்கும் சமமாகப் பிரித்தார். "உங்களுக்கு?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. அடுத்த மாதம் போனபோது ரின்னைத் திறந்து காட்டினார். "இப்ப மூண்டு பங்கு போடுறன் மிஸ்" என்றார்.

சகோதரிகளே, நீங்களும் உங்கள் வீட்டுப் பங்கில் உங்களையும் சேர்த்து எண்ணுங்கள்.