தறிச் சத்தத்துக்கு நடுவே “அம்மா... ஆடு...!”

பள்ளிக்கூடமாக மாறிய சங்கரன்கோவில் வீடுகள்

சங்கரன்கோவில்:-

வீட்டுக்குள் விசைத்தறி. திண்ணையில் சிலேட்டு. நடுவில் அம்மா!

ஒரு கையில் தார்க்குச்சி, இன்னொரு கையில் பிரம்பு. “ஏலே, ஏழாம் வாய்ப்பாடு சொல்லுதியா, இல்ல இன்னைக்கு சோறு கிடையாது!”

கொரோனா காலத்தில் நெசவுத் தெருக்களில் இப்படி ஒரு அதட்டல் கேட்காத நாள் உண்டா? வாத்தியார் வேலையை பெற்றவர்களே பார்த்த காலம் அது. கோமதி அம்மனுக்கும் ஆடித்தபசுக்கும் பெயர் போன இந்த ஊர், கல்விக்காக செய்த இன்னொரு தபசு என்றே அதைச் சொல்லலாம்.

இது பற்றிய விவரம் வருமாறு:-

பூட்டு விழுந்தது

2020 மார்ச் மாதம் பள்ளிகளுக்கு பூட்டு போட்டார்கள். 25-ந் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு. தறியும் நின்றது. கூலியும் நின்றது.

“பத்து நாளில் திறந்து விடும்” என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் 1 முதல் 8-ம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் மறுபடி பள்ளிக்குள் கால் வைத்தது 2021 நவம்பர் 1-ந் தேதி. கிட்டத்தட்ட 19 மாதம்!

2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டிய குழந்தை, வகுப்பறையையே பார்க்காமல் இரண்டாம் வகுப்புக்கு போய் விட்டது. பெயர் பதிவேட்டில் ஏறியது. ‘அ’ எழுத வந்ததா? அது அந்தந்த வீட்டைப் பொறுத்த விஷயம்.

ஒரே போன், மூன்று பிள்ளை!

2019 ஆகஸ்டில் தொடங்கிய அரசின் கல்வி தொலைக்காட்சி, ஊரடங்கில் கை கொடுத்தது. வகுப்பு வாரியாக பாடம் வந்தது. ஆனால் டி.வி. கேள்வி கேட்காதே! பையன் தூங்கினால் தட்டி எழுப்பாதே!

போனில் பாடம் என்றார்கள். வீட்டுக்கு ஒரு போன், பிள்ளைகளோ மூன்று. அக்காளுக்கு கணக்கு, தம்பிக்கு இங்கிலீஷ். அடிதடிதான்! இதற்குள் அப்பா வேலைக்கு கிளம்பினால் போனும் அவர் சட்டைப் பையில் கிளம்பி விடும்.

மிச்சம் இருந்தது அம்மா. அவள் ஐந்தாம் வகுப்பு படித்திருந்தால் அதுவே பெரிய பாக்கியம்.

பீடிக் கணக்கு, பூக் கணக்கு

ஆனாலும் வீட்டில் பாடத்துக்கு பஞ்சம் இல்லை. 25 பீடி ஒரு கட்டு என்றால் 1,000 பீடிக்கு எத்தனை கட்டு? 40! இது வகுத்தல். ஐந்தரை மீட்டர் சேலை இரண்டு நெய்தால் எத்தனை மீட்டர்? 11! இது பெருக்கல். 100 கிராம் மல்லிகை 40 ரூபாய் என்றால் கால் கிலோ என்ன விலை? 100 ரூபாய்! கடைத்தெருவில் ஏமாறாமல் இருக்க இது போதும்.

எழுத்து? பஸ் போர்டு, ரேஷன் கார்டு, தீப்பெட்டி லேபிள். எது கண்ணில் பட்டதோ அதுதான் பாடப் புத்தகம்.

வயிற்றுப் பாடம்

பள்ளி மூடினால் பாடம் மட்டுமா போகும்? மத்தியானச் சோறும் போகும். 1982 ஜூலை 1-ந் தேதி எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவை நம்பி இருந்த வயிறுகள் எத்தனை! அதற்குப் பதில் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் வீட்டு உலையில் விழுந்த அரிசிக்கு பிள்ளையின் பங்கு எது, பெரியவர் பங்கு எது என்று அடையாளம் உண்டா?

இங்கேதான் ஆபத்து!

சும்மா இருக்கும் பையனை யார் விடுவார்கள்? “செத்த நேரம் தார் சுத்துடா” என்று ஆரம்பிக்கும். நாலு காசு வந்தால் ருசி பிடித்து விடும். பையனுக்கும் பிடிக்கும், வீட்டுக்கும் பிடிக்கும்.

14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது சட்டம். 2016-ல் செய்த திருத்தம், குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக, விடுமுறையில் உதவலாம் என்று விலக்கு தந்தது. சரி, பள்ளியே இல்லாத 19 மாதத்தில் ‘பள்ளி நேரம் போக’ என்பது எந்த நேரம்? இந்தக் கேள்விக்கு பதில் சொல்ல ஆள் இல்லை.

திண்ணையில் சிலேட்டை பிடித்து உட்கார வைத்த அம்மாக்கள் எழுத்தை மட்டும் காப்பாற்றவில்லை. பிள்ளையையே காப்பாற்றினார்கள்!

தெருவுக்கு வந்த வகுப்பு

2021 அக்டோபர் 27-ந் தேதி, விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தை முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். 12-ம் வகுப்பு முடித்த பெண்களும் பட்டதாரிகளும் தன்னார்வலர்களாக வந்தார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத் தொகை. மாலை 5 மணி முதல் 7 மணிக்குள் பாடம். அது வரை தனியாகப் போராடிய அம்மாவுக்கு, பக்கத்து வீட்டு அக்காள் துணைக்கு வந்த கதை இது.

2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. சிறு வகுப்பு பிள்ளைகள் 2025-க்குள் பிழையில்லாமல் படிக்க, எழுத, கணக்கு போட வேண்டும் என்பது இலக்கு.

பள்ளிக்கே போகாவிட்டால்?

வசதியான சிலர், விரும்பியே பிள்ளைகளை வீட்டில் படிக்க வைக்கிறார்கள். அதற்கும் வழி உண்டு. பன்னிரண்டரை வயது நிரம்பினால் 8-ம் வகுப்பு தேர்வை தனித்தேர்வராக எழுதலாம். 14 வயதில் தேசிய திறந்தநிலை பள்ளி மூலம் 10-ம் வகுப்பு எழுதலாம்.

ஆனால் அது படித்த பெற்றோருக்கு, நேரம் உள்ள வீட்டுக்கு. கூலிக்காரர் வீட்டுக்கு பள்ளிக்கூடம்தான் கதி.

அரை மணி நேரம் போதும்

2020-ல் ஒன்றாம் வகுப்பை வீட்டிலேயே கழித்த பிள்ளைகள், 2025-ல் ஆறாம் வகுப்புக்கு வந்தார்கள். எழுத்துக் கூட்டித் திணறும் பிள்ளை மக்கு அல்ல. அடித்தளம் போடும் வயதில் கதவு பூட்டி இருந்தது. அவ்வளவுதான்!

அவனை அடிக்க வேண்டாம். கரண்டு போய் தறி நிற்கிற அரை மணி நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னால் போதும்.

அன்றைக்கு அம்மா செய்ததும் அதுதானே!