கரீபியக் கடலில் கப்பல் மாறிய கதை

உல்லாசக் கப்பலில் ஏறிக் கடலில் உலவி வருவது பெருஞ்செல்வர்க்கே உரியது என்று ஒரு காலத்தில் எண்ணப்பட்டது. இன்றோ அமெரிக்காவில் தொழில் புரியும் மக்கள், தம் பெற்றோரைச் சில மாதம் தம்முடன் இருக்க அழைக்கும்போது, ஒரு வாரக் கப்பற் பயணத்துக்கும் சேர்த்தே சீட்டு வாங்கிவிடுகின்றனர். நம் பங்குகளிலேயே அவ்வாறு சென்று வந்த குடும்பங்கள் உண்டு. நாமும் மகளின் தயவால் இருமுறை கரீபியக் கடலில் பயணம் செய்தோம். முதன்முறை சென்ற நிறுவனத்தை விட்டு, இரண்டாம் முறை வேறொரு நிறுவனத்தின் கப்பலில் ஏறினோம். அதன் காரணத்தைக் கேட்டு அன்பர் சிலர் எழுதியிருந்தனர். அவர்களுக்கு விடையாகவே இக்கட்டுரையை வரைகின்றோம்.

முதற் பயணம் மயாமித் துறைமுகத்திலிருந்து தொடங்கியது. கப்பல் என்று சொல்லுவதைவிட நகரம் என்று சொல்லுவதே பொருந்தும். நீச்சற்குளங்கள், நாடக அரங்கு, பனிச்சறுக்கு மேடை, பசி எடுக்குமுன்பே நீட்டப்படும் தட்டு என எதற்கும் குறைவில்லை. நம்முடன் வந்த தமக்கையார்க்கு எழுபத்திரண்டு வயது. முழங்கால் வலி உடையவர். கணவரை இழந்து பத்தாண்டுகள் வீட்டை விட்டு வெளியேறாதிருந்தவரை, “கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், அக்கா” என்று வற்புறுத்தி அழைத்துச் சென்றிருந்தோம். உண்மையில் அவர் உட்கார்ந்துதான் இருந்தார்.

ஏனெனில் அவ்வாரத்தில் கரை கண்ட நாட்கள் மூன்றே. ஒரு நாள் நிறுவனத்துக்கே சொந்தமான கடற்கரைத் தீவில் இறக்கிவிட்டார்கள். மணல் வெண்மையானது, நீர் தெளிவானது, ஆயின் அங்கு ஊரும் இல்லை, ஊராரும் இல்லை. குடையும் சாய்நாற்காலியும் விற்பவர் கப்பற்காரரே. அடுத்தது கிராண்ட் கேமன் தீவு. அங்கே பெருங்கப்பல்கள் அணையும் மேடை கிடையாது. நடுக்கடலில் நங்கூரமிட்டுச் சிறு படகுகளில் ஆட்களை ஏற்றிச் செல்லுவர். மேடை கட்ட வேண்டுமா என்று 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் அத்தீவு மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தியபோது, வேண்டாம் என்றே அவர்கள் தீர்ப்பளித்தனர். ஊர் அவர்களுடையது, தீர்ப்பைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. ஆடும் படகில் கால் வைக்கத் தமக்கையார் அஞ்சினார். நாம் அறையிலேயே இருந்துவிட்டோம்.

மூன்றாவது மெக்சிகோவின் கோசுமெல். துலும் என்னும் இடத்தில் கடலோரம் நிற்கும் மாயா மக்களின் பழங்கோட்டையைக் காணலாம் என்று சீட்டு வாங்கினோம். துலும் இருப்பது கோசுமெல் தீவில் அன்று, எதிர்க்கரையில் என்பதை எவரும் நமக்கு விளக்கவில்லை. நாமும் வரைபடத்தைப் பார்க்கவில்லை. படகில் முக்கால் மணி, பின்பு பேருந்தில் ஒரு மணி, திரும்பவும் அவ்வாறே. கோட்டையின் முன் நின்றது ஒன்றேகால் மணி நேரம். அன்றிரவு தமக்கையார், “தம்பி, என் பேத்தி சம்பாதித்த பணத்தில் எனக்கு மட்டும் இனிமேல் சீட்டு எடுக்காதே” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்போம். மிக மெதுவாகவே சொன்னார்.

மறு ஆண்டு மகள் மீண்டும் அழைத்தாள். இம்முறை நாமே ஒரு வாரம் உட்கார்ந்து நிறுவனங்களை ஒப்பிட்டுப் பார்த்தோம். அப்போது அறிந்தவற்றுள் ஒன்று நம்மை நகைக்க வைத்தது. நிறுவனம் மாறுகிறோம் என்று எண்ணுவோர் பலர், ஒரே வீட்டில் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குத்தான் போகின்றனர். 1873இல் தோன்றிய ஹாலந்து அமெரிக்கா நிறுவனமும், 1965இல் தோன்றிய பிரின்சஸ் நிறுவனமும், பழம்பெருமை வாய்ந்த குனார்டும் இன்று கார்னிவல் என்னும் ஒரே குழுமத்தின் உடைமைகள். செலிபிரிட்டி 1997 முதல் ராயல் கரீபியன் குழுமத்தைச் சேர்ந்தது. பெயர்ப்பலகை வேறு, முதலாளி ஒருவரே. எனினும் கப்பலின் அளவு, பயணிகளின் வயது, அணையும் துறைகள் ஆகியவை பலகைக்குப் பலகை வேறுபடுவதால், அறை மாறுவதும் வீண் என்று சொல்லுவதற்கில்லை.

மாறுவோர் இழப்பது ஒன்றுண்டு. ஒரே நிறுவனத்தில் பல இரவுகள் பயணம் செய்தோர்க்குப் படிநிலைகள் வைத்து, வரிசையில் முதலிடம், துணி சலவை, சிறு தள்ளுபடிகள் எனச் சலுகை தருவர். வேறிடம் போனால் பெரும்பாலும் அடிப்படியிலிருந்தே தொடங்கவேண்டும். பிற நிறுவனத்தில் பெற்ற படிநிலையை ஏற்றுக்கொள்வோரும் உளர், எம்.எஸ்.சி. நிறுவனம் அவ்வகையில் பெயர் பெற்றது. சீட்டு வாங்குமுன் கேட்டுவிடுதல் நலம். நமக்கோ ஒரே பயணத்தின் புள்ளிகள்தாம் இருந்தன. அவற்றை இழப்பதில் வருத்தம் என்ன?

விளம்பரத்தில் காணும் கட்டணம் முழுக்கட்டணம் அன்று. துறைமுக வரி, ஊழியர்க்கென நாள்தோறும் தலைக்கு இவ்வளவு என்று சேர்க்கப்படும் அன்பளிப்பு, பானங்கள், இணையத் தொடர்பு ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால், மலிவாகத் தோன்றியது மலிவாக இராது. ஊழியர்க்குரிய அந்த அன்பளிப்பைச் சிலர் அலுவலகத்தில் சொல்லி நீக்கிவிடுகின்றனர் என்று கேள்விப்பட்டு வருந்தினோம். நம் மேசைக்கு உணவு கொண்டுவந்த இளைஞர் தூத்துக்குடிக்காரர். பல மாத ஒப்பந்தம் முடியுமட்டும் வீடு திரும்ப இயலாதவர். கப்பல் துறையணைந்ததும் பயணிகள் கடைத்தெருவுக்கு ஓட, அவர் வீட்டாருடன் பேச இடம் தேடி ஓடுவார். 1920இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கத்தோலிக்கரால் தொடங்கப்பெற்ற கடல்சார் திருத்தூதுப் பணி, இன்று ஸ்டெல்லா மாரிஸ் என்னும் பெயரால் பல துறைமுகங்களில் இத்தகையோர்க்கு இல்லமும் துணையும் அளித்து வருகின்றது.

இனி, நம் முடிவைத் தீர்மானித்தது எது என்று சொல்லவேண்டும். கப்பலின் படங்களை ஒதுக்கிவிட்டுத் துறைகளின் பட்டியலை மட்டும் முன்வைத்தோம். கப்பல் மேடையில் அணைகின்றதா, படகில் இறங்கவேண்டுமா? கரையில் எத்தனை மணி நேரம்? மேடையிலிருந்து சிறு தொலைவில் காணத்தக்கது ஏதேனும் உண்டா? தமக்கையாரின் முழங்காலே நமக்கு அளவுகோலாயிற்று. 2024இல் கடலிறங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ போன்ற கப்பல் 365 மீட்டர் நீளம் உடையது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்றவல்லது. அத்துணைப் பெரியது அணையக்கூடிய துறைகள் சிலவே. அணைந்தாலும் ஊர் நெரியும். அதனின் மிகச் சிறிய கப்பலைத் தேர்ந்தோம்.

புறப்படும் இடத்தையும் மாற்றினோம். மயாமியிலிருந்து தென் கரீபியத் தீவுகள் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தொலைவில் உள்ளன. போக வர நாட்கள் கடலிலேயே கழியும். போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானிலிருந்து புறப்பட்டாலோ தீவுகள் அடுத்தடுத்து வரும். இரவில் ஓடிப் பகலில் துறையணையலாம். அங்குச் சென்று சேர விமானச் செலவு தனி என்பதை மறைப்பதற்கில்லை.

சான் ஹுவானில் ஒரு நாள் முன்னதாகவே இறங்கினோம். 1539இல் கட்டத் தொடங்கிய எல் மோரோ கோட்டையைத் தொலைவிலிருந்து கண்டதே போதும் என்றார் தமக்கையார். பேராலயத்தில் போன்சே தே லெயோனின் கல்லறை உள்ளது. தங்கமும் நிலமும் தேடிக் கடல் கடந்த அந்த வீரர், வெண்பளிங்கின் கீழ் அமைதியாக உறங்குகின்றார். தெருக்களில் பாவிய கற்கள் நீலச்சாயல் கொண்டவை. மழை நனைத்தால் வழுக்கும்.

செயின்ட் தாமஸ் தீவைப்பற்றி அதிகம் எழுதுவதற்கில்லை. 1917இல் டென்மார்க்கிடமிருந்து அமெரிக்கா இரண்டரைக் கோடி டாலருக்கு வாங்கிய தீவு அது. நகைக்கடைகளைக் கடந்து செல்லுதற்கே அரைநாள் ஆகும். கப்பலில் பரிந்துரைக்கப்படும் கடைகள், பரிந்துரைக்காகக் கட்டணம் செலுத்துபவை என்பதை நினைவிற் கொள்க. தொண்ணூற்றொன்பது படிகள் என்று பெயர் பெற்ற படிக்கட்டு ஒன்று உண்டு. எண்ணிப் பார்த்தவர்கள் நூற்று மூன்று என்கின்றனர். நாம் எண்ணவில்லை.

செயின்ட் லூசியாவை விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும். மக்களுள் கத்தோலிக்கரே மிகுதியாயுள்ள தீவு அது. கப்பலார் விற்ற சுற்றுலாக்கள் யாவும் தெற்கே உள்ள பித்தோன் என்னும் இரட்டை மலைகளுக்கும் சூஃப்ரியேரின் வெந்நீர்ச் சேற்றுக்கும் இட்டுச் செல்பவை. 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கப்பட்ட அம்மலைகள் பேரழகு வாய்ந்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் வளைந்து வளைந்து செல்லும் மலைப்பாதையில் நெடும்பயணம். துலும் நினைவுக்கு வந்தது. மறுத்துவிட்டோம்.

தலைநகர் காஸ்ட்ரீசில் அமலோற்பவ மாதா பேராலயத்துக்குச் சென்றோம். வெளியில் எளிய கற்கட்டடம். உள்ளே நுழைந்ததும் தமக்கையார் நின்றுவிட்டார். சுவரும் கூரையும் வண்ணமயம். அங்குத் தீட்டப்பெற்ற புனிதர்கள் கறுத்த மேனியர். 1986இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அத்தீவுக்கு வருகை தருவதை முன்னிட்டு, 1985இல் டன்ஸ்டன் செயின்ட் ஓமர் என்னும் அம்மண்ணின் ஓவியர் தீட்டியவை அவை. தீவின் கொடியை வடிவமைத்தவரும் அவரே, 2015இல் காலமானார்.

பேராலயத்தை அடுத்த சதுக்கத்துக்கு, 1992இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற டெரக் வால்காட்டின் பெயர் இடப்பட்டுள்ளது. அங்குக் கவிந்து நின்ற பெருமரத்தைக் கண்டு நாம் வியக்க, “இது நம்மூர்த் தூங்குமூஞ்சி மரந்தானே” என்றார் தமக்கையார். ஆம், அதுவே. அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்டு நம் நாட்டுச் சாலைகளுக்கு வந்த மரம்.

அதன் நிழலில் வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவரிடம் பேசினோம். இங்கு ஓர் எச்சரிக்கை. அத்தீவின் டாலர் வேறு, அமெரிக்க டாலர் வேறு. ஓர் அமெரிக்க டாலருக்கு அவ்வூர் டாலர் 2.70. எந்த டாலர் என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பின்னரே காரில் ஏறவேண்டும். அவர் நம்மை வாழைத்தோட்டங்களிடையே ரோசோ பள்ளத்தாக்கிலுள்ள சிற்றாலயம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். அங்குப் பீடத்தின் பின்சுவரில் அதே ஓவியர் 1973இல் தீட்டிய திருக்குடும்பம் உள்ளது. தேவமாதாவும் சூசையப்பரும் குழந்தை இயேசுவும் அத்தீவு மக்களின் நிறத்தில் விளங்க, சுற்றிலும் அவ்வூர் உழைப்பாளிகள். வால்காட் இவ்வோவியத்தைப் பற்றிக் கவிதை எழுதியுள்ளார். தமக்கையார் ஒரு மணி நேரம் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். ஓட்டுநர் அவசரப்படுத்தவில்லை, நாம்தான் கடிகாரத்தைப் பார்த்தோம்.

பார்க்கத்தான் வேண்டும். கப்பலார் நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தாமாகச் சென்றவர்க்குக் காத்திராது. சில துறைகளில் ஊர் நேரமும் கப்பல் நேரமும் ஒரு மணி வேறுபடுவதுண்டு. முற்பயணத்தில் கோசுமெல் மேடையில் கணவனும் மனைவியும் செருப்பைக் கையிற் பிடித்துக்கொண்டு ஓடி வந்ததையும், மேல்தளத்துக் கூட்டம் கைதட்டியதையும் கண்டோம். நாம் எங்கும் இரண்டு மணி நேரம் முன்னதாகவே திரும்புவதென்று விதித்துக்கொண்டோம்.

மறுநாள் மார்த்தினிக். செயின்ட் லூசியாவிலிருந்து முப்பத்து மூன்று கிலோமீட்டர் அகலக் கடலே இடையில். ஆயினும் பிரான்சு நாட்டின் பகுதி, யூரோ நாணயம், பிரெஞ்சு மொழி. இங்கு இரண்டு எண்ணங்கள் எழுந்தன. ஒன்று, 1902 மே 8ஆம் நாள், ஆண்டவர் விண்ணேறிய திருநாளன்று காலையில், பெலே எரிமலை சீறிச் சில நிமிடங்களில் ஏறக்குறைய 28,000 பேரை அழித்த சேன்பியேர் நகரைக் காண்பது. நிலவறைச் சிறையில் கிடந்த கைதி ஒருவர் உயிர் தப்பிய இடம் இன்றும் உளது. மற்றொன்று, ஃபோர்-தெ-ஃபிரான்சு தலைநகரிலேயே தங்குவது. இரண்டையும் ஒரே நாளில் செய்யலாம் என்றாள் மகள். வேண்டாம் என்றோம். இதுவும் ஒரு பாடந்தான்: ஒரு துறையில் ஒன்றைப் பார்த்தால் நினைவில் நிற்கும்.

நகரில் இரும்புச் சட்டகத்தின்மீது எழுப்பிய புனித லூயி பேராலயத்தைக் கண்டபின் சந்தைக்குச் சென்றோம். 1848இல் அடிமை முறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டி, 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியே கப்பல் கப்பலாகத் தமிழரைக் கொண்டுவந்த தீவு இது. அவர்தம் வழித்தோன்றல்கள் பலர் இன்று கத்தோலிக்கர். மாரியம்மனை மாலியெமென் என்று வழங்கும் கோவில்களும் உள. மொழி மறைந்தது, பெயர்கள் தங்கின. முத்துசாமி, ராமசாமி என்பவை பிரெஞ்சு எழுத்தில் உருமாறிக் கடைப்பலகைகளில் தொங்குகின்றன.

சந்தையில் ஒரு மூதாட்டி மஞ்சள் நிறப் பொடி விற்றுக்கொண்டிருந்தார். ‘கொலோம்போ’ என்றார். தமக்கையார் சிறிது எடுத்து உள்ளங்கையில் வைத்து முகர்ந்தார். மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு என்று நம்மிடம் தமிழில் சொன்னார். பிறகு அம்மூதாட்டியிடமும் தமிழிலேயே, “மிளகாயைக் காணோமே அம்மா” என்றார். என்ன புரிந்ததோ, அவர் சிரித்துக்கொண்டே பக்கத்துக் கூடையிலிருந்து சிவந்த குண்டு மிளகாய் ஒன்றை எடுத்து நீட்டினார்.

பிரிட்ஜ்டவுனில் மழை, கரையிறங்கவில்லை. அந்தப் பொடி இரண்டு பொட்டலம் நம் வீட்டு அடுக்களைக்கு வந்து சேர்ந்தது. ஒன்று தீர்ந்துவிட்டது. குவாதலூப் தீவிலும் தமிழர் வழியினர் மிகுதி என்று தமக்கையார் எங்கோ கேட்டறிந்திருக்கின்றார்; அத்தீவில் அணையும் கப்பல் எந்த நிறுவனத்துடையது என்று சென்ற வாரம் மகளிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.