வீட்டுக் காய்கறித் தோட்டமும் அறுவடைச் சமையலும்

வீட்டுக் காய்கறித் தோட்டம் என்பது ஒரு குடும்பம் தனது உணவுத் தேவைக்காக வீட்டின் கொல்லைப்புறத்திலோ, முற்றத்திலோ, மொட்டை மாடியிலோ காய்கறிகளையும் கீரைகளையும் பயிரிடும் சிறு தோட்டம் ஆகும். சந்தைக்காக விளைவிக்கும் பண்ணையில் ஒரே பயிர் ஒரே நேரத்தில் அறுவடைக்கு வரும். வீட்டுத் தோட்டத்தில் பல பயிர்கள் சிறிது சிறிதாக விளையும். எதை, எப்போது, எவ்வளவு நடுவது என்பதை இங்கே அடுப்படியே தீர்மானிக்கிறது.

வரலாறு

வீட்டை ஒட்டிய தோட்டத்தைச் சங்க இலக்கியம் 'படப்பை' என்று குறிக்கிறது. கொல்லை, புழக்கடை ஆகிய சொற்கள் இன்றும் வழக்கில் உள்ளன. ஊர்ப்புற வீடுகளில் கிணற்றடியில் வாழையும் சேம்பும், வேலியில் கொடியவரையும், ஓரத்தில் முருங்கையும், கூரைமேல் சுரையும் பூசணியும் இருப்பது நெடுங்கால வழக்கம்.

உணவுத் தட்டுப்பாடு வரும்போது அரசுகளும் வீட்டுத் தோட்டத்தை நாடியுள்ளன. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு முற்றங்களிலும் பூங்காக்களிலும் காய்கறி பயிரிடும்படி மக்கள் ஊக்குவிக்கப்பட்டனர். இலங்கையில் 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபின் விளைச்சல் வீழ்ந்தது. அடுத்த ஆண்டு பொருளாதார நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. 2022 ஜூனில், வீட்டில் பயிர் செய்வதற்காக அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்க அந்நாட்டு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

இடமும் மண்ணும்

காய்க்கும் பயிர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 மணி நேர நேரடி வெயில் வேண்டும். கீரை, புதினா, கொத்தமல்லி ஆகியவை சற்றுக் குறைந்த வெயிலிலும் வளரும்.

மாடித் தோட்டத்தில் செம்மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து பைகளில் நிரப்புவது பரவலான முறை. நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்து வைப்பதுடன் எடையையும் குறைக்கிறது. ஒரு கன மீட்டர் ஈர மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை கொண்டது. எனவே தளத்தில் நேரடியாக மண் கொட்டுவது கட்டடத்துக்கு ஆபத்தானது. பைகளைத் தூண்களுக்கும் சுவர்களுக்கும் மேலே வரும் பகுதிகளில் வைப்பது நல்லது. தொட்டிகளின் அடித்தட்டில் தேங்கும் நீரில் டெங்குக் கொசு முட்டையிடும் என்பதால் அதை வாரம் ஒருமுறையாவது கொட்டிக் கவிழ்க்க வேண்டும்.

பட்டம்

விதைப்புக்கு ஏற்ற பருவம் 'பட்டம்' எனப்படும். தமிழ்நாட்டில் ஆடிப் பட்டமும் தைப் பட்டமும் காய்கறிகளுக்கு முதன்மையானவை. 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்ற பழமொழிக்குப் பின்னால் மழை மட்டுமன்றிப் பகலின் நீளமும் உள்ளது. நாட்டுக் கொடியவரை பகல் குறுகும்போதுதான் பூக்கும். ஆடியில் ஊன்றிய கொடி மார்கழி, தை மாதங்களில் காய்க்கும். அதையே தையில் ஊன்றினால் கொடி படருமே தவிர, உரிய காலத்தில் பூக்காது.

வீட்டுத் தோட்டப் பயிர்கள் பலன் தரத் தோராயமாகப் பின்வரும் காலம் ஆகும்:

• முளைக்கீரை, சிறுகீரை: விதைத்த 25 நாட்கள், வேரோடு பிடுங்கப்படும். அரைக்கீரை அறுக்க அறுக்கத் தழையும்.
• வெண்டை: விதைத்த 45 நாட்கள்.
• பாகல், புடலை, பீர்க்கு: விதைத்த 55 முதல் 80 நாட்கள், பந்தல் தேவை.
• தக்காளி, கத்தரி: நாற்று நட்ட 60 முதல் 70 நாட்கள்.
• செடி முருங்கை: விதைத்த 6 மாதங்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவாக்கப்பட்ட பி.கே.எம்.1 இவ்வகையைச் சேர்ந்தது.

எல்லா விதைகளையும் ஒரே நாளில் ஊன்றினால் ஒரு வாரம் மிகுதியும் மறுவாரம் பற்றாக்குறையும் ஏற்படும். கீரையை 10 நாட்களுக்கு ஒரு பாத்தியாக விதைத்தால் இடைவெளியின்றிக் கிடைக்கும்.

பூவிலிருந்து காய்

பூத்தும் காய் பிடிக்கவில்லை என்பது மாடித் தோட்டத்தில் அடிக்கடி எழும் குறை. பூசணி, சுரை, புடலை, பீர்க்கு, பாகல் ஆகியவற்றில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியானவை. பெண் பூவின் அடியில் பிஞ்சு போன்ற புடைப்பு இருக்கும். தேனீக்கள் வராத இடங்களில் ஆண் பூவைப் பறித்து அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவே தடவினால் காய் பிடிக்கும். பூசணியும் பாகலும் காலையில் மலர்வதால் அவற்றுக்குக் காலை நேரமே உகந்தது. சுரை, பீர்க்கு, புடலை ஆகியவை மாலையிலோ இரவிலோ மலர்கின்றன. அவற்றுக்குப் பொழுது சாயும் நேரத்தில் செய்ய வேண்டும். முதலில் ஆண் பூக்கள் மட்டுமே மலர்ந்து உதிர்வது இயல்பு.

பூச்சி மேலாண்மை

சமைப்பதற்குச் சற்று முன் பறிக்கும் தோட்டத்தில் இரசாயனப் பூச்சிக்கொல்லி பொருந்தாது. அத்தகைய மருந்துகளைத் தெளித்தபின் அறுவடைக்குக் குறிப்பிட்ட நாட்கள் காத்திருக்க வேண்டும். வெண்டையோ ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கப்படுவது. ஒரு லிட்டர் நீரில் 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிப்பது அசுவினி, வெள்ளை ஈ ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும். மாவுப்பூச்சி தாக்கிய நுனிகளைக் கிள்ளி அழிப்பது பலனளிக்கும்.

பறிக்கும் பக்குவம்

வெண்டைக்காயின் நுனி 'பட்' என ஒடிய வேண்டும். இரண்டு நாள் தாமதித்தாலும் நார் பிடிக்கும். கத்தரிக்காயின் தோல் மினுமினுப்பை இழந்தால் உள்ளே விதை முற்றத் தொடங்கியுள்ளது எனலாம். புடலை வளைந்து சுருளாமல் இருக்கப் பிஞ்சின் நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடுவது பழைய வழக்கம். முற்றிய காயைக் கொடியில் விட்டுவைத்தால் செடி தன் சத்தை விதைக்குச் செலுத்தி, புதிதாகக் காய்ப்பதைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே அடிக்கடி பறிப்பதே விளைச்சலைக் கூட்டும் எளிய வழி.

சமையலில் பயன்பாடு

பழங்களும் காய்கறிகளுமாக நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. பறித்த நேரம் முதல் கீரையிலுள்ள உயிர்ச்சத்து சி குறையத் தொடங்குவதால், பறித்த உடன் சமைப்பது வீட்டுத் தோட்டத்தின் தனிப் பயன்.

சிறு தோட்டத்தில் ஒரு நாளைக்கு நான்கு வெண்டை, இரண்டு கத்தரி, ஒரு பிடி அவரை என்றே கிடைக்கும். ஒரே காயில் பொரியல் செய்ய இது போதாது. கதம்ப சாம்பார், அவியல், கூட்டு போன்ற உணவுகள் இத்தகைய கலப்பு அறுவடைக்குப் பொருந்துகின்றன. பொங்கல் நாளில் அவரை, மொச்சை, பூசணி, கத்தரி, சர்க்கரைவள்ளி ஆகியவற்றைச் சேர்த்து வைக்கும் குழம்பு, ஆடிப் பட்டத்தின் விளைச்சல் ஒரே பானையில் சேர்வதாகும்.

சமையலறை வழக்கங்கள் பலவற்றுக்கு அறிவியல் விளக்கம் உண்டு:

• புளியின் அமிலம் காய் மென்மையாவதைத் தாமதப்படுத்தும். எனவே காய் முக்கால் பதம் வெந்தபின் புளிக்கரைசல் சேர்க்கப்படுகிறது.
• கீரையை மூடி வைத்து வேகவிட்டால் அதிலுள்ள அமிலம் ஆவியோடு வெளியேறாமல் தங்கிப் பச்சையத்தைப் பழுப்பாக்கும். மூடாமல் வேகவைத்தால் நிறம் நிலைக்கும்.
• கீரை, பூசணி ஆகியவற்றிலுள்ள கரோட்டின் கொழுப்பில் கரைவது. தாளிக்கும் எண்ணெயோ தேங்காயோ சேர்ந்தால் உடல் அதை நன்கு ஏற்கும்.
• வெண்டையைக் கழுவித் துடைத்தபின் நறுக்கி, எண்ணெயில் வதக்கினால் வழவழப்பு குறையும்.
• சேம்பு, சேனை ஆகியவற்றிலுள்ள கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் நாக்கிலும் தொண்டையிலும் அரிப்பை உண்டாக்கும். அதனால் அவை புளி சேர்த்து நன்கு வேகவைக்கப்படுகின்றன.

காயுடன் பிற பகுதிகளும் உணவாகின்றன. பீர்க்கங்காய்த் தோலில் துவையல் அரைக்கலாம். வாழையில் பூ, காய், தண்டு, பழம் என எல்லாம் பயன்படும். முருங்கையில் காய் ஓய்ந்த காலத்திலும் கீரை கிடைக்கும்.

மிகுதியைப் பாதுகாத்தல்

சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரை, பாகல், மிளகாய் ஆகியவற்றை உப்பிட்ட மோரில் ஊறவைத்து வெயிலில் பலநாள் காயவைத்தால் வத்தலாகும். இரவில் மோரிலும் பகலில் வெயிலிலுமாக, மோர் வற்றும்வரை மாற்றி மாற்றி இடுவார்கள். உப்பும் புளிப்பும் உலர்வும் நுண்ணுயிர்கள் பெருகுவதைத் தடுக்கின்றன. சரியாகக் காயாமல் பூஞ்சை பிடித்த வத்தலைப் பயன்படுத்தக் கூடாது. முற்றிய சாம்பல் பூசணி, அதன் மேலுள்ள மெழுகுப் பூச்சினால் உலர்ந்த இடத்தில் மாதக்கணக்கில் கெடாது.

கசக்கும் சுரைக்காய்

வீட்டுத் தோட்டத்தில் விளைந்தது எல்லாம் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை ஓரிடத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். சுரை, பீர்க்கு, வெள்ளரி ஆகியவற்றின் குடும்பத்தில் குக்கர்பிட்டாசின் என்னும் கசப்பு நச்சுப்பொருள் உண்டு. பயிரிடப்படும் இரகங்களில் இது மிகக் குறைவு. கசப்பு இரகங்களுடன் அயல் மகரந்தச் சேர்க்கை நிகழ்ந்த காயின் விதையை எடுத்து ஊன்றினால், பார்வைக்கு வேறுபாடில்லாத கசப்புக் காய் விளையக்கூடும். கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்தவர்கள் இரத்த வாந்தி, வயிற்றுப்போக்கு, இரத்த அழுத்த வீழ்ச்சி ஆகியவற்றுக்கு ஆளானதும் சிலர் இறந்ததும் இந்தியாவில் பதிவாகியுள்ளன. கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைக் குடிக்கக் கூடாது என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த வல்லுநர் குழு அறிவுறுத்தியது.

சமைப்பதால் இந்த நச்சு அழிவதில்லை. உப்போ சர்க்கரையோ சேர்த்துக் கசப்பை மறைப்பதும் தீர்வாகாது. சமைக்கும் முன் சிறு துண்டை நாவில் வைத்துப் பார்த்து, கசந்தால் உடனே துப்பிவிட்டு முழுக் காயையும் எறிந்துவிட வேண்டும். உண்டபின் வாந்தியோ வயிற்றுவலியோ ஏற்பட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பாகற்காயின் கசப்பு இயல்பானது. இந்த எச்சரிக்கை அதற்குப் பொருந்தாது.

விதை சேமிப்பு

தக்காளி, அவரை ஆகியவை பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கை கொண்டவை. அவற்றின் நாட்டு இரகங்களிலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடியின் குணத்தை ஒத்திருக்கும். கலப்பின இரகங்களின் விதைக்கு இது பொருந்தாது. கொடிக்காய்களில் விதை எடுக்க விரும்புவோர், மலருமுன் ஆண், பெண் மொட்டுகளைத் தாளுறையால் மூடி, மலர்ந்ததும் கையால் மகரந்தம் தடவி, மீண்டும் மூடிக் கட்ட வேண்டும். அவ்வாறு பிடித்த காயை அடையாளமிட்டுக் கொடியிலேயே முற்றவிட்டு எடுக்கும் விதைகளை, சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்தி, அடுத்த பட்டம் வரை வைத்திருக்கலாம்.